பெரிய வி

இல்ல மாஸ்டர், சண்டை எல்லாம் இல்ல. ஆபீஸ் போன். நான் பேசினாலே சண்டை போடற மாதிரிதான் இருக்கும்னு எங்க வீட்லயும் சொல்வாங்க. அந்த நர்ஸம்மா கூட முறைச்சுட்டுப் போனாங்க, பாத்தீங்கல்ல. ஆஸ்பத்திரில கத்தக்கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பக்கம் இருக்கறவன் அப்படிப்பட்ட ஆளு. இங்கிலீஷ்ல பெரிய வி போடுடா, பெரிய வி போடுடான்னு காலைலேர்ந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேன். அவன் சின்ன வி போட்டுப் பார்த்துட்டு, எல்லாம் சரியாத்தாண்ணே இருக்குன்னு எனக்கே சொல்லிக்குடுக்கறான்.

உக்காரவா? உக்காந்துதானே இருந்தேன். நான் உக்காந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். நாலு நாற்காலிய ஒரே கம்பில மாட்டி வச்சிருக்கான். நான் கால ஆட்டினா உங்க நாற்காலி ஆடுது, ஊசி விரல்ல ஏறிடப்போகுது. இங்க வந்தும் கோட்டுக்குக் காஜா எடுக்கணுமா? ஓ, நாளைக்கே குடுக்கணுமா. அதுவும் சரிதான், கைல வேல இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும். உங்க வீட்டம்மாவுக்குப் பித்தப்பைல கல்லுதானே? அது ஒண்ணும் இல்லைங்க. சின்னச் சின்ன ஓட்டையா போட்டு எடுத்துடுவாங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்து உங்கள வேல வாங்க ஆரம்பிச்சிடுவாங்க, பாருங்க.

எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க அக்காவுக்கு. அதோ அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ள, ஜன்னல் ஓரக் கட்டில். ரெண்டு கிட்னியும் வேலைய விட்டுடுச்சு. இவ்வளவு நாளா மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணி ஓட்டிட்டு இருந்தா, இப்ப அதுவும் ஒத்துக்கல. மெஷின்ல படுத்திருக்கும்போதே மயக்கமாயிடறா. இனிமே தாங்காது, வேற கிட்னி வச்சே ஆகணும்னுட்டாங்க. நாளைக்குக் காலைல என்னோடதுல ஒண்ண எடுத்து அவளுக்கு வைக்கறாங்க.

வைக்கறதா இருக்காங்க. டாக்டரம்மா சாயங்காலம் ரவுண்டு வருவாங்க. அவங்ககிட்ட நான் ஒரு வார்த்த சொல்லணும். அதுக்குத்தான் இந்தக் கதவையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

பயமா? கத்திக்கு எல்லாம் பயம் இல்லைங்க. மயக்க மருந்து குடுத்துடுவான், நமக்கென்ன தெரியப்போகுது. இருங்க, திரும்ப போன் அடிக்கறான்.

சொல்லுடா. ம். ம். டேய், அந்த ஃபைலத் தொடாதன்னு சொன்னேனா இல்லையா? அப்புறம் ஏன்டா தொட்ட? எழுத்து மாத்திப் பார்த்தேன், எடம் விட்டுப் பார்த்தேன்னு கத சொல்லாத. அதுல ஒரு தப்பும் இல்ல, விட்டுடு. மெதுவாத்தான்டா பேசறேன். ப்ரோக்ராம் பேர அடி. ஒரு எடம் விடு. ஒரு மைனஸ். பெரிய வி. ஷிப்ட அமுக்கிட்டு வி. அடிச்சியா? நீளமா வருதா? அதான். அதான்டா காலைலேர்ந்து கேக்கறேன். அத அப்படியே எடுத்து வச்சுக்க. பொறுமையா முழுசாப் படி. இமேஜ் ஃபில்டர்னு, போட்டோவ சின்னதாக்கற அந்த பாகம், எங்கயாவது இருக்கா பாரு. பார்த்துட்டுக் கூப்பிடு. பார்க்காம கூப்பிடாத. வை.

ஆபீஸ்ல இவனுக்கு அவசரம்னே பேரு. நல்ல பையன்தான், வேலைல பொய் கிடையாது, ஆனா கேள்விய பாதி கேக்கும்போதே பதில் சொல்லிடுவான். எங்களது பழைய சோபா, கட்டில், பீரோ எல்லாம் வாங்கி விக்கற வெப்சைட் மாஸ்டர். விக்கறவங்க போன்ல போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ஒவ்வொண்ணும் செவுத்துல ஒட்டற போஸ்டர் சைஸுல இருக்கும். அத அப்படியே காட்டினா பக்கம் தெறக்கவே விடிஞ்சிடும். அதனால சர்வர் அத வாங்கி, சின்னதாக்கி, அப்புறம்தான் காட்டும். நேத்து பழைய மெஷினத் தூக்கிட்டுப் புது மெஷின் வச்சிருக்காங்க. நான் பண்ண வேண்டியது. நான் இங்க வந்துட்டேன்ல, அவன் பண்ணினான். பழைய மெஷின்ல நான் எழுதி வச்சிருந்தத ஒரு எழுத்து விடாம அப்படியே எடுத்து இதுல போட்டுட்டான். அவ்வளவுதான், புது மெஷின் எழுந்திருக்க மாட்டேங்குது. போட்டோவ சின்னதாக்குன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அந்த வரிக்கு வந்ததும், இந்த வார்த்த எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் படுத்துக்குது. வெப்சைட் காலைலேர்ந்து மூடிக் கிடக்கு. மொதலாளி இவன் நாற்காலிக்குப் பின்னாடியே வந்து நிக்கறாராம்.

புரியலையா. உங்களுக்கு உங்க வேலையிலயே சொல்றேன் இருங்க. நீங்க ரெண்டு கோட்டு தைக்கறீங்க. ஒரே துணி, ஒரே அளவு, கழுத்துல ஒரே லேபிள். ஒண்ணுல உள் பாக்கெட் வச்சுத் தைக்கறீங்க, இன்னொண்ணுல வைக்கல. தைக்கறதுக்கு முன்னாடியே கேட்டுப்பீங்கல்ல, உள் பாக்கெட் வேணுமா வேண்டாமான்னு? அதே மாதிரிதான் இதுவும். எங்க சர்வர்ல ஓடறது லினக்ஸ். அதுல எந்த ப்ரோக்ராமா இருந்தாலும் யாரோ ஒருத்தர் அத மொதல்ல கட்டணும். கட்டும்போதே சொல்லிடணும், இந்த பாகம் வை, அது வேண்டாம்னு. அதுக்கப்புறம் அது பேக்கேஜா வந்து நம்ம மெஷின்ல எறங்கிடும். நாம அதுக்கு வெளியேர்ந்து இத பண்ணு, அத பண்ணுன்னு எழுதிக் குடுக்கலாம். ஆனா உள்ள வைக்காத பாகத்த எழுதி வர வைக்க முடியாது. உள் பாக்கெட் இல்லாத கோட்டப் பார்த்து, பர்ஸ உள்ள வைன்னு நூறு தடவ எழுதிக் குடுத்தா அது எங்க வைக்கும்?

அதேதான். லேபிளப் பார்த்துட்டுச் சொல்றான் இவன். சின்ன வி போட்டா லேபிள் மட்டும்தான் படிக்கும், இது இத்தனாவது வெர்ஷன்னு. பழையதும் புதுசும் ஒரே வெர்ஷன். அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்றான். பெரிய வி போட்டா கோட்ட உள்பக்கம் திருப்பிக் காட்டின மாதிரி. என்னென்ன சேர்த்துக் கட்டினாங்க, எத விட்டாங்க, எத வச்சுக் கட்டினாங்க, எல்லாத்தையும் அதுவே ஒப்பிச்சிடும். நாம யூகம் பண்ணவே தேவையில்ல. கேட்டா சொல்லிடும். கேக்கறதுக்குத்தான் ஆளு கிடையாது. இந்தத் தொழில்ல இருக்கற பாதிப் பேர் இந்தத் தப்பத்தான் பண்றாங்க. எழுதினது தப்போ எழுதினது தப்போன்னு அதையே நாள் பூரா நோண்டுவாங்க. உள்ள அது இருக்கான்னு பார்க்கவே மாட்டாங்க.

காபி எடுத்துட்டு வரட்டுமா? அந்த மெஷின்ல வர்றது சுடுதண்ணிதான், கலர் மட்டும் குடுப்பான். வேண்டாமா. எனக்கும் வேண்டாம். காலைலேர்ந்து நாலு ஆயிடுச்சு. நாளைக்கு வேற கத்தி, ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி கூடக் கூடாதாம்.

வேற யாரும் இல்லையான்னா? இருந்தாங்க. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், அவருக்கு ரத்த க்ரூப்பே சேரல. எங்கம்மா மொத ஆளா வந்து நின்னாங்க. டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, பொருத்தம் இருக்குன்னு வந்துச்சு, ஆனா சக்கர இருக்கறதால டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் மாமாவோட தம்பி. தங்கமான மனுஷன். அவருக்கு க்ரூப் சேருது, உடம்பு கல்லு மாதிரி இருக்கு, நான் தரேன் அண்ணின்னு வீட்டுக்கே வந்து சொன்னார். எங்கக்கா என்ன சொன்னா தெரியுமா? உங்க நல்ல மனசுக்கு நன்றி, ஆனா எனக்கு வேண்டாம்னுட்டா. கைய எடுத்துக் கும்பிட்டுச் சொல்றா. அவர் மொகம் செத்துப்போச்சு. மாமா அவள ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயித் திட்டறார், உனக்கு என்ன பைத்தியமா, சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அத நெனச்சுப் பார்த்தியான்னு. எங்கக்கா அசையலயே. அடுத்தவங்க உடம்ப வாங்கி வச்சுக்கிட்டு, அவங்க மொகத்தப் பார்த்துப் பார்த்து என்னால வாழ முடியாது, கூடப்பொறந்தவன்னா வேற, அவன்கிட்ட நான் வாங்குவேன், இல்லாட்டி மெஷின்லயே போறேன்னுட்டா. அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான். சின்ன வயசுலேர்ந்தே அப்படி. சரியான பிடிவாதக்காரி.

ஆமா, அப்புறம் நான்தானே. நான் யோசிக்கவே இல்ல மாஸ்டர். யோசிக்க என்ன இருக்கு? எனக்கு மொத மொதல்ல ஷூ லேஸ் கட்டக் கத்துக்குடுத்தது அவ. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிடுவாங்க, ஸ்கூல்லேர்ந்து வந்தா அவதான் எனக்கு எல்லாம். நான் பத்தாவதுல கணக்குல கோட்ட விட்டப்ப, வீட்ல சொல்லாம அவளே ஸ்கூலுக்கு வந்து வாத்தியார்கிட்ட பேசினா. அவ சம்பாதிச்ச மொத காசுல எனக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தா. அதப் பிரிச்சு மேஞ்சுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அவளுக்கு ஒரு கிட்னி என்ன, ரெண்டையும் எடுத்துக்கன்னுதான் சொன்னேன். உனக்கு எதுக்குடா வாய்னு அடிச்சா.

அம்மாதான் விடல. நான் டெஸ்ட்டுக்குப் போறேன்னு சொன்னதும் அப்படி ஒரு அழுகை. நீ வேண்டாம்டா, நீ சின்னவன், உனக்கு இன்னும் கல்யாணம் கூட ஆகல, எனக்கு சக்கரய கொறச்சு என்னோடதையே எடுத்துக்கச் சொல்லுங்கன்னு. பாசத்துல சொல்றாங்கன்னுதான் எல்லாரும் நெனச்சோம். நான்கூட கோவப்பட்டேன். ஒரு பிள்ள சாகக் கெடக்குது, இன்னொரு பிள்ளைக்கு ஊசி குத்தறதுக்கு அழறீங்களேன்னு கேட்டுட்டேன். இப்ப வீட்ல இருக்காங்க, அக்கா பொண்ணப் பார்த்துக்கிட்டு.

இதோ வரேன் மாமா. இல்ல, ஆபீஸ்லேர்ந்து ஒரு கால், இப்ப திரும்பக் கூப்பிடுவான். சாப்பிட்டேன். சத்தியமா சாப்பிட்டேன் மாமா. அவகிட்ட தூங்கச் சொல்லுங்க, நான் வரேன்னு சொல்லுங்க. ஒரு பத்து நிமிஷம்.

அவர்தான் மாமா. அக்கா அனுப்பிருக்கா, தம்பிய எங்க காணோம், கூட்டிட்டு வாங்கன்னு. இதோட எத்தனாவது தடவையோ. போகணும். போகலாம். நேத்து மத்தியானத்துலேர்ந்து நான் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போகல மாஸ்டர். கண்ணாடி வழியாப் பார்க்கறேன், அவ இந்தப் பக்கம் திரும்பினா நான் செவுத்தோட ஒட்டிக்கறேன். ஒரு பக்கம் பார்த்தா இந்த அவசரம் பண்ற தொல்லைகூட நல்லதுக்குத்தான். போன காட்டித் தப்பிக்கலாம்ல.

அடிச்சுட்டான் பாருங்க. சொல்லு. இல்லையா? நல்லாப் பார்த்தியா? சரி, இல்லைன்னா இல்ல. நான்தான் சொன்னேனே. புது மெஷின்ல எறக்கின பேக்கேஜ்ல அத வைக்காமத்தான் கட்டிருக்காங்க. என்ன? அப்ப பழைய மெஷின்ல எப்படி ஓடுச்சுன்னா? டேய், அதுலயும் பெரிய வி போட்டுப் பாரு. இன்னும் ஆப் பண்ணலல்ல? போடு. படி. ம். ம், அதேதான். ப்ரோக்ராம் இருக்கற எடம், பாத் என்னன்னு வருது? என் பேர்ல இருக்கற போல்டரா? ஆமாண்டா. அது பேக்கேஜே கிடையாது. நான் என் கையால சோர்ஸ எறக்கி, எல்லாம் சேர்த்துக் கட்டினது. யாருக்கும் சொல்லல, ஓடுது விடுன்னு விட்டுட்டேன். வெளிய ஒரே பேரு, ஒரே வெர்ஷன். அதான் உனக்குத் தெரியல. சரி விடு, உன் மேல தப்பு இல்ல. இப்ப என்ன பண்றன்னா, அதே பேக்கேஜ்லயே எல்லா பாகமும் சேர்த்துக் கட்டின வகை ஒண்ணு தனியா இருக்கும். அத எறக்கு. எறக்கிட்டு, ஓட்டறதுக்கு முன்னாடி? ஆங். பெரிய வி. இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஓட்டு. மொதலாளிகிட்ட அர மணி நேரம்னு சொல்லு. சரிடா. அக்கா நல்லா இருக்கா. வை.

முடிஞ்சுது. இனிமே ஓடிடும்.

அது எங்க கட்டினதுன்னு கூடவா? ஆமா, அதையும் சொல்லும். எந்த கம்பைலர வச்சுக் கட்டினாங்க, எந்த எடத்துல வச்சாங்க, எல்லாம் உள்ளயே பதிஞ்சு கெடக்கும். வெளியேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. வருஷக்கணக்கா ஓடும், ஒருத்தருக்கும் சந்தேகமே வராது. வேற எதையோ சரிபார்க்கப் போவீங்க, அப்ப அதுவா கண்ணுல படும்.

என்னையும் அப்படித்தான் நேத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டாங்க மாஸ்டர்.

கிட்னிக்கு ஒண்ணும் இல்லைங்க. கிட்னி நல்லா இருக்கு. டாக்டரம்மா தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. கதவ அவங்களே எழுந்து போயி சாத்தினாங்க. அப்பவே எனக்கும் ஏதோ வியாதின்னு நெனச்சேன். அவங்க சொன்னாங்க, இது அதுக்குன்னு எடுத்த டெஸ்ட் இல்ல, பொருத்தம் பார்க்கத்தான் எடுத்தது, ஆனா உங்கம்மா டெஸ்ட்டும் எங்ககிட்ட இருக்கு, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்ப எங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு. அம்மா ரத்தத்துல இருக்கற அடையாளங்கள்ல பாதி பிள்ளைகிட்ட இருந்தே ஆகணுமாம். அக்காகிட்ட இருக்கு. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல.

ரத்தம் மாறிப்போயிருக்குமான்னுதான் நானும் கேட்டேன். ரெண்டாவது தடவையும் எடுத்துப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க. நான் எங்கம்மா வயித்துல பொறக்கல மாஸ்டர். அப்பா போய்ச் சேர்ந்துட்டார், அவரக் கேக்க முடியாது. அம்மாவுக்கு நேத்து போன் போட்டேன், ஹலோன்னாங்க, நான் சாப்டீங்களான்னு கேட்டுட்டு வச்சுட்டேன். எனக்கு அவங்கமேல கோவம் இல்ல. அவங்க ஏன் அப்படி அழுதாங்கன்னு இப்பத் தெரியுது. டெஸ்ட்டுக்குப் போனா எனக்குத் தெரிஞ்சுடும்னு பயந்திருக்காங்க. அந்த நேரத்துல நான் அவங்கள அப்படிக் கேட்டிருக்கவே கூடாது.

கிட்னி சேருமான்னா, சேருமாம். அதுதான் கூத்து. க்ரூப்பு ஒண்ணு. என் ரத்தத்தையும் அவ ரத்தத்தையும் ஒண்ணா விட்டுப் பார்த்தாங்களாம், சண்டையே போடலயாம். கூடப்பொறந்தவங்களுக்கே சில நேரம் இவ்வளவு ஒத்துப்போகாது, நீங்க தாராளமா தரலாம், சட்டப்படியும் நீங்க தம்பிதான்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா ஒண்ணு. அக்காகிட்ட இதச் சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நாங்களா சொல்ல மாட்டோம், ஆனா உங்கக்கா என்கிட்ட நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், நாளைக்குச் சாயங்காலம் ரவுண்டுக்குள்ள உங்க முடிவச் சொல்லிடுங்கன்னாங்க. அந்தச் சாயங்காலம்தான் இது.

இப்பச் சொல்லுங்க. நான் போயி அவகிட்ட என்ன சொல்ல? சொன்னா, எழுந்து உக்காந்து ஊசியப் பிடுங்கிப் போட்டுடுவா. மாமாவோட தம்பிக்கே வேண்டாம்னவ. கூடப்பொறந்தவன்கிட்ட மட்டும்தான்னு சத்தியம் பண்ணாத கொறையா சொன்னவ. மெஷினும் அவளுக்கு இனிமே ஒத்துக்காது. அவ பொண்ணு ஏழாவது படிக்குது மாஸ்டர். சொல்லாம விட்டா? வாழ்க்க பூரா அவ உள்ள ஒரு பொய்ய வச்சுத் தச்ச மாதிரி ஆகும். அவ என்கிட்ட ஒரு நாளும் எதையும் மறைச்சதில்ல. நான் எப்படி மறைப்பேன்? உள்ள போனா என் மொகத்தப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா. என்னடா முழிக்கறன்னு கேட்டா முடிஞ்சுது, எனக்கு அவகிட்ட பொய் வராது. அதான் வெளியவே சுத்திட்டு இருக்கேன். ராத்திரி பூரா இதே நடைதான். நீங்க வந்து உக்காந்தீங்க, ஏதோ கேட்டீங்க, சர்வர் கத எல்லாம் உங்க தலையில கொட்டிட்டேன். வேற எதையாவது பேசிட்டே இருந்தா இது வெளிய வராதுன்னு நெனச்சேன். வந்துடுச்சு.

பிறந்தபோதா? அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும். போட்டோ எல்லாம் இருக்கு. அம்மா மடில நான், பக்கத்துல அக்கா. எல்லா வீட்லயும் இருக்கற மாதிரிதான் இருக்கு, அதுல என்ன தெரியும்?

வயசு வித்தியாசமா. ஒன்பது வருஷம். அவளுக்கு ஒன்பது நடக்கும்போது நான். ஏன் கேக்கறீங்க? ஏன் மாஸ்டர் ஊசிய நிறுத்திட்டீங்க?

என்ன?

ஆமால்ல.

ஒன்பது வயசுப் பொண்ணுக்கு, அம்மா வயித்துல கொழந்த இருக்கா இல்லையான்னு தெரியாதா. எப்படித் தெரியாமப் போகும். அம்மா பக்கத்துலயேதான் படுத்திருப்பா. வயித்துல கை வச்சுப் பார்க்கற வயசு. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்ல நான் கெடந்திருப்பேன். பார்த்திருப்பா. எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டிருப்பா, அவங்களும் ஏதாவது சொல்லிருப்பாங்க. அவளுக்குத் தெரியும் மாஸ்டர். மொத நாள்லேர்ந்து தெரியும். இத்தன வருஷத்துல ஒரு சண்டைல, ஒரு கோவத்துல, ஒரு வார்த்த அவ வாய்லேர்ந்து வந்ததில்ல. நான் எவ்வளவு படுத்திருக்கேன் அவள.

இருங்க, இருங்க. அன்னிக்கு அம்மா அழுதாங்கன்னு சொன்னேன்ல. அப்ப அக்கா சோபால சாஞ்சு படுத்திருந்தா. எழுந்து உக்காந்தா. அவன் என் கூடப்பொறந்தவன், அவன்கிட்ட நான் வாங்கிப்பேன், யாரும் குறுக்க பேசக்கூடாதுன்னா. நான் அவளுக்கு நேரா நிக்கறேன், ஆனா அவ என்னப் பார்க்கல. அம்மாவப் பார்த்துச் சொன்னா. அம்மாவையே கண்ணெடுக்காமப் பார்த்துட்டு ஒவ்வொரு வார்த்தையா சொன்னா. அம்மா தலையக் குனிஞ்சுட்டாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. தெரிஞ்சேதான் சொல்லிருக்கா. மாமாவோட தம்பியையே வேண்டாம்னுட்டு, தெரிஞ்சேதான் என்கிட்ட கேட்டிருக்கா.

இல்ல, நான் அழல. சும்மா, இந்த ஏசி கண்ணுல அடிக்குது. உங்க துணி எல்லாம் வேண்டாம், புதுத் துணி, கற படிஞ்சிடும்.

டாக்டரம்மா வராங்க பாருங்க, லிப்ட்லேர்ந்து. என்னத்தான் பார்க்கறாங்க. நான் போயி சொல்லிட்டு வந்துடறேன் மாஸ்டர். என்ன சொல்லப்போறேனா? சொல்ல வேண்டியவளுக்கு முன்னாடியே தெரியும், நீங்க கத்திய எடுங்கன்னு.